மலைகளின் பேரைக் கேட்டுத் தொடங்குங்கள்

உங்கள் தோட்டத்தின் கதையை எழுதவேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால், புத்தகம் தேடிப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். தோட்டத்து மூத்தவர்களில் இன்னும் கம்பூன்றியாவது நடக்கக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுங்கள். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். ஒவ்வொரு மலையாகக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டம் ஒன்றில் நான் அப்படித்தான் தொடங்கினேன். கூட வந்த பாட்டிக்கு எண்பது தாண்டியிருந்தது. நாற்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். ஒபீஸ் சுவரில் தொங்கும் வரைபடத்தில் 7 என்று போட்டிருக்கும் மலைக்கு வந்ததும் நின்றார். "ஏழாம் நம்பருன்னு தொரையும் கணக்கப்பிள்ளையும் சொல்லுவாங்க தம்பி. நாங்க புள்ளத்தாச்சி மலைன்னுதான் சொல்லுவோம்" என்றார். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது நடந்ததாம். நிறைமாதக்காரி ஒருத்தி நெரையில் நின்று கொழுந்தெடுக்கும்போதே வலி கண்டிருக்கிறது. சுற்றி நின்ற பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து மறைப்புப் பிடிக்க, அங்கேயே பிள்ளை பிறந்தது. கொழுந்துக் கூடையில் பழஞ்சேலையை விரித்துப் பிள்ளையை லயத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள் என்பதைப் பாட்டி இரண்டு தடவை சொன்னார். எழுபது வருசத்துக்குப் பிறகும் அந்த அரைநாள் சம்பளம் அவர் நெஞ்சில் ஆறவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு மலைகளுக்குப் பேர் கிடைத்தது. பங்களாவுக்குக் கீழே இருப்பது, பழைய சவக்காலை இருந்தது, காமன் பொட்டல் பக்கம் உள்ளது, பன்றி விழுந்து செத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒன்றுகூடச் செக்றோலில் இல்லை, நில அளவைப் படத்திலும் இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தால் அந்தப் பாட்டி "என்னாத்தச் சொல்றது, கஷ்டந்தான்" என்று முடித்திருப்பார். கால் நடக்க நடக்கத்தான் வாய் திறக்கும். நான் வேறு எந்த முறையையும் இதற்கு மேலாகச் சொல்லமாட்டேன்.

இனி அந்த மலைகளுக்கு இங்கிலீசுக்காரர் வைத்த பேரைப் பாருங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவவில் உடன்படிக்கை கையெழுத்தாகி, சில ஆண்டுகளுக்குள் கொழும்பு வீதி போடப்பட்டு, கோப்பிக்காகக் காடு வெட்டத் தொடங்கிய பிறகு, தோட்டம் திறந்த துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். விட்டுவந்த ஊரின் நினைவை அவர்கள் இங்கே நட்டார்கள். மடுல்கலைப் பக்கம் ரெலுகஸ் என்று ஒரு தோட்டம் உண்டு. ஸ்கொட்லாந்தின் மொரே பகுதியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் பேர் அது. புசல்லாவையில் மெல்ஃபோர்ட் இருக்கிறது. அதுவும் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஊர். அதே புசல்லாவையில் றொத்சைல்ட் என்ற பேர் வந்தது, தோட்டத்தைத் திறந்த டி வோர்ம்ஸ் சகோதரர்கள் அந்த வங்கிக் குடும்பத்தின் உறவினர் என்பதால். ஒரு பேரைப் பிடித்து இழுத்தால் கடலுக்கு அப்பால் ஒரு கிராமமோ ஒரு குடும்பமோ வந்து நிற்கும்.

ஆகவே கொப்பியில் பக்கத்துக்கு மூன்று கோடு போடுங்கள். துரை வைத்த பேர், சுற்றியுள்ள சிங்களக் கிராமத்தார் சொல்லும் பேர், லயத்தில் சொல்லும் பேர். மூன்றும் ஒரே மண்ணைப் பற்றியவை. மூன்றையும் சேர்த்து எழுதாமல் ஊரின் கதை முழுமையாகாது. பழைய ஃபெர்குசன் டிரெக்டரிகளில் தோட்டங்களின் தமிழ்ப் பேர்களும் அச்சாகியிருக்கின்றன. ஆட்பிடித்து அனுப்பவும் ஆளைக் கண்டுபிடிக்கவும் துரைமாருக்கு அந்தப் பேர்கள் வேண்டியிருந்தன. ஆனால் அவை தோட்டத்தின் பேர்கள். மலையின் பேர், பீலியின் பேர், பாறையின் பேர் எந்த டிரெக்டரிக்கும் தேவைப்படவில்லை.

ரெலுகஸைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அங்கே தொழில் பழக வந்த வெள்ளைக்கார இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேடில், தொழிலாளர் பக்கம் பேசியதற்காக 1937இல் நாடு கடத்த உத்தரவு பெற்றவர். அவரைப் பற்றிப் புத்தகங்களில் நிறைய இருக்கிறது. அவரைத் தோட்டத்தில் கண்ட தொழிலாளர் குடும்பங்களில் அவரைப்பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மடுல்கலையில் இன்று கேட்டால்தான் உண்டு. பேரப்பிள்ளைகள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

காலத்தைக் கணிக்கும் வழி

மூத்தவர்கள் ஆண்டு சொல்லமாட்டார்கள். சொன்னாலும் நம்பி எழுதிவிடாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவத்தைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கம்பளையையும் பேராதனையையும் மூழ்கடித்த வெள்ளம் 1947 ஆகஸ்டில் வந்தது. பகலில் இருட்டிய சூரிய கிரகணம் 1955 ஜூன் 20. மகாராணி எலிசபெத் கண்டிக்கு வந்தது 1954. அரிசி கிடைக்காமல் மரவள்ளியையும் கீரையையும் தின்ற பஞ்சம் 1973–74. "வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா? அப்ப நீங்க பெரட்டுக்குப் போகத் தொடங்கிட்டீங்களா, பிள்ளைக் காம்பிராவில இருந்தீங்களா?" என்று கேட்டால் ஓரிரு வருச வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். உங்கள் பகுதிக்கென்று தனியாக மண்சரிவு, ஸ்டோர் எரிந்தது, புதுத் துரை வந்தது என்று இருக்கும். முதல் வாரத்திலேயே அப்படி ஒரு பட்டியல் தயாரித்துக் கொப்பியின் பின் அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குடும்பம் வந்து சேர்ந்த கதைக்கும் இதே வழிதான். "எங்க முப்பாட்டன் மன்னார்க் காட்டுவழியா நடந்தே வந்தாரு" என்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் சொல்வார்கள். மன்னாரிலிருந்து காடு கடந்து தம்புள்ளை, மாத்தளை வழியாக வந்த பாதை உண்மையானது. வழியில் விழுந்து செத்தவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. ஆனால் கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். நாவலப்பிட்டிக்கு 1874, மாத்தளைக்கு 1880. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் 1914இல் ஓடத் தொடங்கியது. மண்டபம் கேம்பில் ஊசி போட்டு வந்த கதையும் நடந்து வந்த கதையும் ஒரே ஆளுக்குச் சொல்லப்பட்டால், இரண்டு தலைமுறை ஒன்றாகக் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது "பொய் சொல்றீங்க" என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளக்கூடாது. "நடந்து வந்தது உங்க தாத்தாவா, அவரோட அப்பாவா?" என்று மெல்லக் கேளுங்கள். அவர்களே பிரித்துத் தருவார்கள்.

இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் இலங்கை மலைநாடு முழுவதும் 'கண்டி'தான். கண்டிச் சீமைக்குப் போனார் என்று திருச்சியிலோ சேலத்திலோ ஒரு குடும்பம் சொன்னால், அந்த ஆள் பதுளையிலும் இருந்திருக்கலாம், பொகவந்தலாவையிலும் இருந்திருக்கலாம். தோட்டத்தின் பேரோ கங்காணியின் பேரோ கிடைக்கும்வரை 'கண்டி' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்தே எழுதுங்கள்.

உட்கார்ந்து பேசும்போது

மலை சுற்றிய பிறகு வீட்டில் உட்காரலாம். போயா நாளோ ஞாயிறு பின்னேரமோ நல்லது. மழை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். லயத்துத் தகரக் கூரையில் மழை பெய்தால் போனில் ஒரு சொல்லும் பதியாது. போனை மேசையில் வைக்காமல் மடித்த துவாயின் மேல் வையுங்கள், பேணி வைக்கிற சத்தம் இடிபோல் விழாது. அழைப்பு வராதபடி நிறுத்திக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் திகதி, இடம், யார் பேசுகிறார் என்பதை உங்கள் வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். பதிவு செய்யச் சம்மதமா என்று கேட்டு, அவர் "சரி" என்று சொல்வதையும் பதியுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கொடுக்கும் சாயத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து வராதீர்கள்.

அன்றிரவே இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள். என் அம்மாயி பாடிய தாலாட்டை நான் ஒரே ஒரு போனில் வைத்திருந்தேன். போன் தண்ணீரில் விழுந்தது. மறுபடி பதியலாம் என்று நாளைக் கடத்தினேன். அவர் அந்த ஐப்பசியில் போய்விட்டார்.

என்ன கேட்பது என்பதில் எனக்கு ஒரு வழிகாட்டி உண்டு. ஜோர்ஜ் யூவர்ட் எவன்ஸ் என்பவர் மனைவிக்கு ஆசிரிய வேலை கிடைத்ததால் இங்கிலாந்தின் சஃபோக்கில் பிளாக்ஸ்ஹோல் என்ற சிறு கிராமத்தில் குடியேறினார். பக்கத்து வீட்டுக் கிழவர்களிடம் அவர் கேட்டதெல்லாம் வேலையைப் பற்றி: அரிவாளை எப்படிப் பிடிப்பீர்கள், வைக்கோலை எப்படி அறுப்பீர்கள், குதிரைக்கு என்ன கொடுப்பீர்கள் என்று. 1956இல் அது புத்தகமாக வந்தது. இங்கிலாந்தில் வாய்மொழி வரலாறு என்ற துறைக்கே அது ஒரு வாசல். நம்மவர்களில் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக நடந்து மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டினார். இருவரும் பெரிய மனிதர்களைத் தேடிப் போகவில்லை.

ஆகவே வேலையைக் கேளுங்கள். "காலையில லயத்தில முதல்ல எழும்பினது யாரு? தப்படிச்சாங்களா, கொம்பு ஊதினாங்களா? கொழுந்து நிறுத்த எடத்தில எத்தனை றாத்தல் வெட்டுவாங்க? கவ்வாத்துக் கத்திய யாரு தீட்டிக் குடுத்தது?" இப்படிக் கேட்டால், கையால் காட்டத் தொடங்குவார்கள். கையால் காட்டியதை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஒலிப்பதிவில் அது வராது. ஒரு பாட்டி கூடைக் கயிற்றை நெற்றியில் எந்த இடத்தில் போடவேண்டும் என்று எனக்குக் காட்டினார். அந்த இடத்தில் தலைமுடி கொஞ்சம் பின்வாங்கி, தோல் வழவழவென்று ஒரு விரல் அகலத்துக்குத் தடம் விழுந்திருந்தது. அதை நான் கேள்வியாகக் கேட்டிருக்க முடியாது.

பேசிய மொழியிலேயே எழுதுங்கள். 'பெரட்டு' என்று சொன்னதை 'வருகைப் பதிவு' என்று திருத்தினால் அந்தக் காலை நேரமே அழிந்துபோகும்.

இரண்டு பேர் ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். பதிவான சம்பவமாக இருந்தாலும் கேளுங்கள். ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி, சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். விசாரணைக் கமிஷன் வந்தது, சட்டசபையில் பேசினார்கள். இவ்வளவும் ஆவணத்தில் இருக்கிறது. அன்றிரவு லயங்களில் அடுப்பு எரிந்ததா, பிள்ளைகளை எங்கே ஒளித்தார்கள், மறுநாள் யார் முதலில் வேலைக்கு இறங்கினார் என்பதைக் கமிஷன் எழுதியிருக்காது. அந்தப் பக்கம் வேர் உள்ள குடும்பங்களிடம் கேட்கவேண்டியது அதைத்தான்.

சில கேள்விகளை முதல் நாளில் கேட்காதீர்கள். சாதி, கங்காணியிடம் பட்ட கடன், 1977, 1983 கலவரங்களில் யார் காப்பாற்றினார், யார் காட்டிக்கொடுத்தார் என்பவை. தானாகச் சொன்னாலும், போனை நிறுத்திவிட்டு, "இதை எழுதலாமா?" என்று கேளுங்கள். எழுதவேண்டாம் என்றால் எழுதக்கூடாது. பக்கத்து லயத்திலேயே அந்த ஆளின் மகன் குடியிருப்பான்.

ட்ரங்குப் பெட்டி

மூன்றாம் நான்காம் சந்திப்பில் யாராவது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு ட்ரங்குப் பெட்டியை இழுப்பார்கள். உள்ளே பிறப்புச் சான்றிதழ், செத்தவர்களின் அடையாள அட்டை, ஈ.பி.எஃப். கடிதம், கோயில் திருவிழா நோட்டீஸ், தைத்த தபால் அட்டைகள். சில வீடுகளில் 1949 சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட கடிதம். 1948இல் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள் 'நாங்கள் இங்கேதான் இருந்தோம்' என்று நிரூபிக்கத் தாள் சேர்த்தார்கள், அதனால் நம்மவர் வீடுகளில் தாள் அதிகம். அரிதாக ஒரு துண்டும் கிடைக்கலாம். தொழிலாளியின் கடனை எழுதி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிந்திய தாளைத் துண்டு என்று சொன்னால் திகதியைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் பற்றுச்சீட்டாக இருக்கும்.

எதையும் வீட்டைவிட்டு எடுத்துப் போகாதீர்கள், "நாளைக்குத் தாறேன்" என்று சொல்லியும் வேண்டாம். வாசல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். படத்தில் இருப்பவர்களின் பேரை இடமிருந்து வலமாக அங்கேயே எழுதுங்கள்.

பட்டணத்தில் ஒரு நாள்

கண்டிக்குப் போகும்போது ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். தலதா மாளிகைக்குப் பின்னால் மேட்டில் பிரித்தானியரின் பழைய படைமுகாம் மயானம் இருக்கிறது. கண்டி வீழ்ச்சியில் பெரும் பங்காற்றிய ஜோன் டொய்லி 1824இல் இறந்து அங்கே கிடக்கிறார். காய்ச்சலில் போனவர்கள், தாயோடு புதைத்த கைக்குழந்தைகள், 1856இல் காட்டு யானை மிதித்துச் செத்த றொபர்ட்சன் என்று ஒவ்வொரு கல்லும் பேர், வயது, சொந்த ஊர் சொல்கிறது. வாசித்துப் பாருங்கள். இருபது முப்பது வயதிலேயே அத்தனை பேர். அவர்களுக்காகவும் மனம் கனக்கத்தான் செய்யும்.

பிறகு மஹியாவை மயானத்துக்குப் போங்கள். லூல்கந்துரவில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை அங்கே. 1892 மே 2ஆம் திகதி தோட்டத்தில் இறந்தவரை, தொழிலாளர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து தோள் மாற்றித் தோள் மாற்றி மலைப்பாதை வழியே கண்டிவரை சுமந்து வந்தார்கள். சுமந்தவர்களின் பேர் கல்லில் இல்லை. நான் அந்தக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் எங்கள் தோட்டத்துச் சவக்காலையை நினைத்துக்கொள்வேன். அங்கே ஒரு கல்லும் இல்லை, மேட்டிலே தேயிலை நட்டுவிட்டார்கள். எங்கே யாரைப் புதைத்தார்கள் என்று இன்னும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். உங்கள் தோட்டத்திலும் அப்படியானால், மற்ற வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு அந்த இருவரோடு சவக்காலைக்குப் போய் வரைபடம் போடுங்கள்.

தெருப்பேர்களும் காலம் சொல்லும். தலதா வீதியை யாராவது 'வார்ட் ஸ்ட்ரீட்' என்றால் அவர் நினைவு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று தெரிந்துவிடும். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நாயக்க உறவினர் குடியிருந்த தெருவுக்கு இங்கிலீசுக்காரர் மலபார் வீதி என்று பேர் வைத்தார்கள். தமிழரை அவர்கள் அழைத்த பேர் அது. பின்னேரம் நேரமிருந்தால் ஹந்தானையில் பழைய தேயிலை ஸ்டோரில் இருக்கும் அருங்காட்சியகம், இன்னொரு நாள் கம்பளைப் பக்கம் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கிய தொழிலாளர் நினைவகம். முதலாவதில் இயந்திரம் பார்க்கலாம், இரண்டாவதில் உரலும் கூடையும். பத்திரிகைகளுக்கும் பழைய நூல்களுக்கும் பேராதனைப் பல்கலைக்கழக நூலகம், கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். வீட்டிலிருந்தபடியே என்றால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரிப்பு.

போனவர்கள்

கண்டி மாவட்டத் தோட்டங்களில் வெற்றிடம் அதிகம். 1964 அக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. கேட்டு அல்ல, எண்ணிப் பிரித்தது. எழுபதுகளில் காணிகள் கைமாறின, பஞ்சம் வந்தது, 1977க்குப் பிறகு பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. உங்கள் லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதைக் காம்பிரா காம்பிராவாக எழுதினால், பாதிக்கு மேல் இப்போது நீலகிரியிலோ வன்னியிலோ இருக்கும். அவர்களையும் சேர்க்காமல் நூலை மூடாதீர்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இன்றும் ஒரு தோட்டத்தார் ஒரே இடத்தில் குடியிருக்கிறார்கள். ஒருவரின் நம்பர் கிடைத்தால் இருபது வீடு கிடைக்கும்.

எங்கள் ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து எழுபதுகளில் பதினைந்து வயதில் கோச்சி ஏறித் தலைமன்னார் போன ஒருவரோடு கோத்தகிரிக்குப் பேசினேன். பாட்டி சொன்ன பேர் ஒன்றையும் நான் சொல்லவில்லை. "உங்களுக்கு ஞாபகம் இருக்கிற மலைகளைச் சொல்லுங்கண்ணே" என்று மட்டும் கேட்டேன். ஒன்பது சொன்னார், எட்டு பாட்டி சொன்னவை. புள்ளத்தாச்சி மலையில் இப்போதும் கொழுந்து எடுக்கிறார்களா என்று கேட்டார். கைவிட்டுப் பத்து வருசமாகிறது, மானாப்புல் மூடிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் பின்னேரமே போய் மலையைப் படமெடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்திருந்தது: படத்தில் இடது பக்கம் புல்லுக்கு மேலே தலை தெரிகிற பாறைக்கும் ஒரு பேர் இருக்கிறது, அதை எழுதிக்கொள் தம்பி என்று.